மூன்று பேர் கதைக்கிற போன்

லைலாவின் வீட்டுப் போனில் மூன்று பேர் ஒன்றாகக் கதைக்கலாம். குவைத்திலிருந்து தங்கை எடுப்பாள். ரிசீவர் படுக்கும் பொத்தானை அழுத்தி, கிண்ணியாவில் இருக்கும் உம்மாவையும் லைலா சேர்த்துவிடுவாள். அழுத்துவதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது: இறைவன் பெயரால் தொடங்கும் பிஸ்மியை வாய்க்குள் ஒருமுறை சொல்லி முடியும்வரை. அவசரப்பட்டால் அந்தப் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு விளங்காது.

போன வாரம் எக்ஸ்சேஞ்சில் சாமானெல்லாம் மாற்றினார்கள். லைன் பார்க்க வந்த வினோஜன் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

"அக்கா, இனிக் கண் வெட்டுற மாதிரி ஒரு தட்டு, அவ்வளவுதான். கூட நேரம் அமத்தினா, நீங்கள் போனை வச்சிட்டீங்கள் எண்டு நினைச்சு லைனை வெட்டிப்போடும். வெட்டுப்பட்டாப் பதறாம ரிசீவரை வையுங்கோ. காத்திருக்கிற மற்ற அழைப்பு தானா அடிக்கும்."

"ஓம், ஓம்" என்றாள் லைலா. யார் காதில் வாங்கியது!

இன்று காலை கொட்டுகிற மழையில் அந்தப் போன் அலறியது. குச்சவெளிக்கு நேரே கடலில் கணவன் முனீபின் படகு, இயந்திரம் நின்று, தத்தளித்தது. அவனுடைய கைபேசி கடலோடு போய்விட்டது. நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்த அஷ்பாக்கின் பட்டன் போன் மட்டும் மிச்சம். முனீபுக்கு மனப்பாடமான ஒரே நம்பர் வீட்டு நம்பர்.

"லைலா, தண்ணி ஏறுது! அபூதாஹிர் நானாட போட் தெரியுது, எங்களைக் காணாம அங்கால போறார். திரும்பச் சொல்லு புள்ள! போன் சாஜும் முடியப் போகுது!"

அந்த நேரம் பார்த்துக் காதில் டிக்கென்று ஒரு சத்தம். இன்னொரு அழைப்பு. இரவு கரைதிரும்பாத முனீபைத் தேடிப் படகில் போயிருக்கும் அபூதாஹிர்தான், வேறு யார்? லைலாவின் அக்கா, ராத்தா சனூஸாவின் கணவர். இரண்டு ஆண்களையும் சேர்த்துவிட்டால் போதும், எந்தப் பக்கம் என்று முனீபே சொல்லிவிடுவான்.

"வையாதீங்க, சேர்த்துவிடுறன்!"

பொத்தானை அழுத்தினாள். பழக்கம் விடுமா? உதடு தானாகப் பிஸ்மி சொன்னது, நிறுத்தி, நிதானமாக, கடைசி எழுத்துவரை.

முனீப் இல்லை. கூவென்ற சத்தம் மட்டும் கேட்டது.

"அல்லாஹ்வே, நானே வெட்டிப்போட்டனே!"

பக்கத்தில் நின்ற சனூஸா தோளைப் பிடித்து உலுக்கினாள். "திருப்பி எடு! எடு!"

"எந்த நம்பருக்கு எடுக்கிற ராத்தா? அந்தப் பொடியன்ட நம்பர் ஆருக்குத் தெரியும்?"

 அப்போதுதான் லைலாவுக்கு வினோஜன் சொன்னது நினைவுக்கு வந்தது. கடலில் கிடக்கிறவனுடைய போனை எந்த மனுசி கீழே வைப்பாள்? வைத்தாள். மணி அடித்தது.

"முனீப் எடுத்தவரா?" அபூதாஹிரின் குரல்.

"எடுத்தவர் மச்சான், பாவி நான் வெட்டிப்போட்டன்! உங்களைக் கண்டவராம். திரும்புங்க!"

"எந்தப் பக்கம் திரும்புற? மழையில ஒண்டும் தெரியுதில்ல."

"தெரியாது மச்சான், எனக்குத் தெரியாதே!" கத்தி அழுதாள்.

டிக்.

லைலா பெருவிரலைப் பொத்தானிலிருந்து தூர எடுத்தாள். முதலில் பிஸ்மியை முழுதாகச் சொல்லி முடித்தாள். பிறகு ஒரே ஒரு தட்டு.

"லைலா?" முனீப்! இன்னொரு தட்டு.

"கதைங்க! ரெண்டு பேரும் கதைங்க!"

"நானா, வலக்கைப் பக்கம்! இன்னும்... இன்னும் வல..."

பாதியில் குரல் நின்றது. சார்ஜ் போய்விட்டது. அபூதாஹிரின் பக்கம் இயந்திரமும் மழையும் மட்டும் இரைந்தன. "என்னவாம்?" என்று சனூஸா கேட்டாள். லைலா ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். இயந்திரச் சத்தம் தணிந்தது. யாரோ கத்தினார்கள். படகோடு படகு மோதுவது கேட்டது.

"லைலா." மச்சானின் போனில் முனீபின் குரல். "நானும் அஷ்பாக்கும் ஏறிட்டம். போனை வை புள்ள, உம்மாக்கு எடுத்துச் சொல்லு."

"வைக்க மாட்டன்" என்றாள் லைலா. "நீங்க வீட்டுக்கு வந்து வையுங்க."

பெருவிரலை முந்தானைக்குள் சுருட்டி ஒளித்துக்கொண்டாள்.