முதல்பலிக்கு வந்த காட்டேரி வேஷம்

படப்பிடிப்புத் தளத்தில் அவளுக்கு முதல்பலி என்றே பெயர். ரத்தக் காட்டேரிப் படம் யார் எடுத்தாலும், தொடங்கிய பத்து நிமிஷத்துக்குள் கடிபட்டுச் சாகும் கறுத்த பெண் இவள்தான். பதினோரு படத்தில் செத்தாயிற்று. ஒன்றிலாவது பேர் வைத்தார்களா? ஒரு வசனமாவது? "ஆ!" அவ்வளவுதான், போங்கள்.

அன்றைக்குக் காட்டேரி வேஷமே அவளைத் தேடி வந்திருந்தது. இயக்குநர் புதியவர். ஒரு காட்சி எடுத்துப் பார்ப்போம், பயமாக இருந்தால் வேஷம் உனக்கு, இல்லாவிட்டால் எப்போதும் போல வெளுத்த பெண் ஒருத்தியைப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். இது கை நழுவினால் இன்னொரு முறை வராது என்று அவளுக்குத் தெரியும்.

மேக்கப் அக்கா வெள்ளை டப்பாவைத் திறந்தாள். யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போயிற்று. காட்டேரி என்றால் அந்த டப்பாதான், இருபது வருஷப் பழக்கம். நெற்றி, கன்னம், கழுத்து, காது மடல் என்று பஞ்சு ஒற்றி ஒற்றி நகர்ந்தது. பல்புகளைச் சுற்றிப் பவுடர் மிதக்க, அறையே மெல்ல மங்கியது. முதல்பலி பாதித் தூக்கத்தில் கண்ணாடியைப் பார்த்தாள். நாற்காலி தெரிந்தது. அக்கா தெரிந்தாள். தன்னை மட்டும் காணோம். காட்டேரிக்குக் கண்ணாடியில் உருவம் தெரியாது என்பார்களே, ஐயோ, அது இப்படித்தானா?

"அக்கா, இதைக் கழுவிடவா?"

"உனக்கென்ன பைத்தியமா? ரெண்டு மணி நேரம் முதுகு ஒடியப் போட்டிருக்கேன்! வெள்ளையா இல்லாத காட்டேரியை எவன் பார்த்தான்?"

"எவனும் காட்டலைக்கா. அதான் பார்க்கலை."

எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். முகத்து வெள்ளையெல்லாம் கரைந்து ஓடியது. அக்கா வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே துண்டையும் நீட்டினாள்.

தளத்தில் கேமராக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இருட்டு செட்டுல இந்த முகம் எப்படிம்மா தெரியும்?"

"முன்னாடி இருக்கிற விளக்கை அணைச்சிட்டு, பக்கத்துல இருந்து ஒண்ணு போடுங்கண்ணே. செத்துக் கிடக்கிறப்ப எனக்கு வேற என்ன வேலை? விளக்கைத்தானே பார்த்துட்டிருப்பேன்."

முணுமுணுத்தபடியே போட்டார். இருட்டிலிருந்து மெல்ல நெற்றி வந்தது, கன்னம் வந்தது, கண் வந்தது. அவள் நடந்த மாதிரியே இல்லை, மிதந்து வந்தாள். அவசரமே படவில்லை. கடிபட நின்ற வெளுத்த பெண், அலற வேண்டிய இடத்தில் அலற மறந்து, தானாகவே கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தாள். கட் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் இயக்குநரே எழுந்து வந்தார். "எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு. வேஷம் உனக்குத்தான்."

சந்தோஷம் தாங்காமல் முதல்பலி அக்காவைத் தேடி ஓடினாள். அக்கா திரை முன்னால் நின்று, எடுத்த காட்சியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் தெரிந்த கன்னத்துக்குப் பக்கத்தில் தன் கறுத்த கையை வைத்தாள். கண் கலங்கிவிட்டது.

"என் நிறம்டி இது. பாவி நான், இத்தனை வருஷமா என் கையாலேயே மூடிட்டிருந்தேனே!"