ஒரு கல் உப்பு

தவக்காலத்துக்கு முந்தின நாள், கறிக்கடைக்காரர் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி குழம்பை ஊதிக் குடித்துவிட்டு, "உப்பு ஒரு கல் கம்மிடி" என்றார். வருஷா வருஷம் சொல்வதுதான்.

"அப்போ உங்க நாக்கைக் கழட்டி உள்ள போடுங்க" என்றாள் மனைவி. தெருவே சிரித்தது.

கடையில் மிஞ்சிய கறி முழுவதையும் அன்று சமைத்துத் தெருவுக்கே போட்டுவிட்டு, கத்தியைக் கழுவி ஆணியில் மாட்டுவார். நாற்பது நாள் அது இறங்காது. அந்த வருஷம் மறுநாள் காலை, நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ள மாதா கோயிலுக்குக் கிளம்பியவர் வாசலிலேயே சாய்ந்து உயிரை விட்டார்.

அடுத்த வருஷம், கடையை ஏற்றிருந்த கொழுந்தன் தயங்கினான். "இந்த வருஷம் வேணாம் அண்ணி. துக்க வீட்டுல விருந்தான்னு நாலு பேர் பேசுவாங்க."

"வாய் நிறையக் கறி இருந்தா எப்படிப் பேசுவாங்க?" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பை மூட்டினாள். ஆனாலும் தெரு வருமா என்ற பயம் அவளுக்கும் இருந்தது.

வந்தது. தையல்காரர் மூன்றாம் முறை தட்டை நீட்டினார். கடைசியில் அடி வழித்த கொழுந்தன், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அண்ணன் சொன்னது சரிதான் அண்ணி. உப்பு ஒரு கல் கம்மி" என்றான்.

வெறும் அண்டாவைத் தெரு பார்க்கக் கவிழ்த்துவிட்டு, அவள் கத்தியைக் கழுவி ஆணியில் மாட்டினாள்.

அவள் போட்டது, எந்த வருஷமும் போடும் அதே இரண்டு கை உப்புதான்.