இசபெல் டீச்சரின் சடைத் தையல்

பொன்ராஜ் வாத்தியாரின் கைவேலைக்குச் சிவகாசியில் நல்ல பெயர். பள்ளிக்கூடத்தில் சித்திரமும் சொல்லிக் கொடுத்தார், ஓய்வு நேரத்தில் அச்சகங்களுக்குத் தீப்பெட்டி லேபிளும் வரைந்தார். அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்த அவர் மனைவி இசபெல், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலும் வளைந்துதான் போகும் என்று அவர் கேலி செய்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் மே விடுமுறையில் ஆசிரியர்களுக்கு விருதுநகரில் தோல் வேலை வகுப்பு நடந்தது. இருவரும் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தினமும் பஸ்ஸில் போய் வந்தார்கள். முதல் நாள் தோலைத் தொடச் சிலர் தயங்கினார்கள். பொன்ராஜ்தான் முதலில் எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

சொல்லிக் கொடுக்க வந்த சுந்தர்ராஜ் அதிகம் பேசாதவர். இரண்டு தோல் துண்டுகளைச் சேர்த்து வைத்து ஓரத்தில் ஓட்டைகள் போட்டு, மெல்லிய தோல் வாரை அவற்றில் கோத்து இணைத்துப் பையாக்குவதுதான் வேலை. வெறுமனே சுற்றிக்கொண்டு போகும் தையலும், பெருக்கல் குறி போல் விழும் தையலும் பொன்ராஜுக்கு ஒரே நாளில் வந்துவிட்டன. அடுத்து வந்தது சடைத் தையல். ஓட்டைக்குள் விட்டு எடுத்த வாரை முந்தின கண்ணிக்கு அடியில் நுழைத்து இழுக்க வேண்டும். ஓரம் முழுக்கப் பின்னல் போல் படிந்து வரும்.

பொன்ராஜுக்கு அது வரவில்லை. வார் முறுக்கிக்கொண்டது. இறுக்கி இழுத்தார், அறுந்தது. தலையை நிமிர்த்தியபோது இசபெல் ஒரு பக்கம் முழுவதையும் முடித்திருந்தாள். சுந்தர்ராஜ் அதை வாங்கி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

"டீச்சர் கையைப் பாருங்க. இழுக்கவே இல்லை, படிய விடுதாங்க."

மத்தியானம் சாப்பிடும்போது மற்ற டீச்சர்மார் இசபெலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பொன்ராஜ் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். திரும்பும்போது பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தலை வலிக்கா?" என்று இசபெல் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

மறுநாள் விடியற்காலையில் எழுந்து, அவள் அடுப்பு பற்ற வைக்கும் முன்பே தையலைப் பிரித்துப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். நேரான ஓரம் ஒருவழியாக வந்தது. மூலை திரும்பும் இடத்தில் மட்டும் வாய் பிளந்து நின்றது. காபியோடு வந்த இசபெல் குனிந்து பார்த்தாள்.

"நான் காட்டட்டுமா?"

"வேண்டாம்," என்று பையைத் திருப்பி வைத்தார். அவள் போன பிறகு அவளுடைய பையை எடுத்துப் பார்த்தார். ஏதாவது ஒரு குறை கிடைக்காதா என்று ஓரம் ஓரமாக விரலை ஓட்டினார். கிடைக்கவில்லை.

வகுப்பு முடியும் வாரத்தில் சுந்தர்ராஜ் அவரைத் தனியே கூப்பிட்டார். "காரியாபட்டியில அடுத்த வகுப்பு சார். பொம்பளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க டீச்சரை அனுப்புவீங்களா? பத்து நாள்தான்."

"அவளுக்கு முடியாது சார். வீட்டுல பிள்ளை இருக்கு," என்றார் பொன்ராஜ். யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மறுநாள் சுந்தர்ராஜ் இசபெலிடம், "உங்களுக்கு முடியாதுன்னு சார் சொன்னாங்க. பரவாயில்ல டீச்சர்," என்றார்.

இசபெல் கையிலிருந்த வாரைக் கீழே வைத்தாள். கணவரைப் பார்க்கவில்லை.

"எனக்கு முடியும் சார். என்னைக்கு வரணும்?"

வீடு திரும்பும் பஸ் திருத்தங்கல் தாண்டியது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா," என்றாள் இசபெல்.

"பிள்ளைய யாரு பாத்துக்கிடுவா?"

"நீங்க பாத்துக்கிடுங்க. லீவுதான?" அவரைத் திரும்பிப் பார்த்து, "பிள்ளைக்காகவா சொன்னீக?" என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இல்ல. உனக்கு வருது, எனக்கு வரல. எனக்குப் பொறுக்கல."

"ஊரெல்லாம் உங்க லேபிளைப் பத்திப் பேசுறப்ப நான் ஒரு நாளாச்சும் மூஞ்சியத் தூக்கியிருக்கேனா?"

வீடு வந்ததும் பொன்ராஜ் தன் பையை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இந்த மூலைய எப்படித் திருப்பணும்?"

அவளுக்குக் கோபம் தீரவில்லை. இருந்தாலும் உட்கார்ந்தாள். "மூலை ஓட்டையில மட்டும் ரெண்டு மூணு தடவை விடுங்க. விசிறி மாதிரி விரிஞ்சு மூடிக்கிடும்," என்றாள். அவர் போட்டார். ஒழுங்காகத்தான் வந்தது. அவளுடையது போல் இல்லை.

இசபெல் காரியாபட்டிக்குப் போனாள். பொன்ராஜ் மகளைக் குளிப்பாட்டி, கஞ்சி வைத்து, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு வேலுச்சாமி வந்து நின்றார்.

"டீச்சர் தோல் வேலை சொல்லிக் கொடுக்கப் போயிருக்காகளாமே. சார்கிட்டக் கத்துக்கிட்டாகளோ?"

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது. பொன்ராஜ் குடத்தை நகர்த்தி வைத்தார்.

"இல்ல. என்னைவிட அவ நல்லாப் போடுவா," என்றார்.

வேலுச்சாமி வியந்து இன்னும் ஏதோ கேட்க ஆரம்பித்தார். இந்த மனிதர் இப்போதே போய்விட மாட்டாரா என்றிருந்தது பொன்ராஜுக்கு.