மாமாவுக்கு எண்பத்தாறு, ஏரிக்கு இரண்டு

"அப்பாவுக்கு எம்பத்தாறு. ஏரிக்கு ரெண்டு" என்று சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரர் சாம்ராஜ் தூண்டிலை மறுபடி மூலையில் சாத்தினார். ஞாயிற்றுக்கிழமை, இன்னும் சரியாக விடியவில்லை.

மாமாவின் எண், விரலில் மாட்டும் கருவி காட்டும் ரத்தப் பிராணவாயு; தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாது. முப்பது வருஷம் சுரங்கத்தில் விழுங்கிய தூசு அவர் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. ஏரியின் எண் செல்போனில் வரும். பாலாறு ஏரியில் சேருகிற இடத்தில் கம்பம் நட்டு மீட்டர் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் மட்டம், சூடு, கலங்கல், பிராணவாயு எல்லாம் சொல்லும். பிராணவாயு நான்குக்குக் கீழே போனால் மீன் இரை எடுக்காது என்பது இவர் கண்ட கணக்கு. வாரம் ஆறு நாளும் பெங்களூர் ரயிலில் நின்றபடி இதைத்தான் பார்ப்பார். பெண்டாட்டி முகத்தை இவ்வளவு பார்த்ததில்லை.

மூன்று நாளாகக் கஞ்சியைக்கூட ஒதுக்கிய மாமா, நேற்று தானாகவே சொன்னார்: "சாம்ராஜு புடிச்சாந்தா மீன் கொழம்பு துன்றேன்."

"இன்னிக்குக் கடிக்காது ஐடா. போறதே வேஸ்ட்டு" என்று என் பெயரைச் சொல்லிக் கெஞ்சினார் இவர்.

"மீட்டரா வந்து துன்னப்போவுது? கெளம்புங்க!" என்று நானே வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஏரி மதகோரம் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு பேர் துண்டு போட்டு அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஐயோ, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தூண்டிலே வேணாங்க, அள்ளுங்க!" என்றேன்.

இவர் அசையவில்லை. "மூச்சுக்கு வந்துக்கீதுங்க ஐடா. அப்பாவும் காலைல இப்பிடித்தான..." என்றார்.

எனக்கும் மாமாவின் திறந்த வாய்தான் கண்ணில் வந்தது. ஆனால் இரக்கத்தைப் போட்டுக் குழம்பு கொதிக்குமா? புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கி, பையால் இரண்டை அள்ளினேன்.

வீட்டுக்கு வந்ததும், "கடிச்சுதா?" என்றார் மாமா. இவர் சுவரைப் பார்த்தார்.

"உங்க புள்ள தூண்டில்லதான் மாமா" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

மாமா மீனை வாங்கி அதன் உதட்டைக் கட்டைவிரலால் தடவினார். தூண்டில் முள் குத்திய காயம் இல்லை.

"ஏரிக்கு எவ்ளோடா?"

"ரெண்டுப்பா."

"சொரங்கத்துல காத்து கம்மியானா எங்கள மேல தூக்கக் கேஜ் கூண்டு வரும். அதுங்களுக்கு இன்னா வரும்?" என்று கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "கொழம்பு வைம்மா. புளி தூக்கலா" என்றார்.

பத்து மணிக்கு இவர் பக்கத்தில் உட்கார்ந்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து உருட்டினார். மாமா வாயைத் திறந்தார். அதைப் பார்த்ததும் இவர் கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"இன்னாடா? ஊட்டு" என்று சொல்லிவிட்டு மாமா மறுபடி வாயைத் திறந்தார். மூடாமலே காத்திருந்தார்.