கேப்டன் போட்ட ஒற்றை நட்சத்திரம்

ஆறு நாளாக ஒரே வீட்டுக்கு ரொட்டியும் பாலும் சுமந்து போகிறாள் சைகல். லிஃப்ட் ஓடாத ஐந்தாவது மாடி. ஆறு நாளும் அந்த வீட்டிலிருந்து செயலியில் ஐந்துக்கு ஒற்றை நட்சத்திரம்தான் விழுந்திருக்கிறது. பிஷ்கெக் நகரத்தில் ஸ்கூட்டரில் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களுக்கு வாரச் சராசரி நாலரைக்குக் கீழே இறங்கினால், செயலி அவர்களை வெளியே தள்ளிவிடும். வாரம் இன்று மாலை ஆறு மணிக்கு முடிகிறது. சைகலுக்கு நாலு புள்ளி நான்கு. புகார் எழுதினாள். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே வினாடியில் பதில் வந்தது. படித்தது மனுஷன் இல்லை என்று அந்த வேகத்திலேயே தெரிந்துபோயிற்று.

கோபத்தோடு படியேறிக் கதவைத் தட்டினாள். திறந்தவர் ஓய்வு பெற்ற கேப்டன் ஜோல்தோஷ்.

"நான் என்னண்ணே குறை வெச்சேன்? ஆறு தடவையும் ஒத்த நட்சத்திரம் போட்டிருக்கீங்க."

"குறையா? உன்னை மேஜர் ஆக்கியிருக்கேன், பொண்ணு. தோள்ல சின்ன நட்சத்திரம் நாலு இருந்தா கேப்டன். பெரிசா ஒண்ணே ஒண்ணு இருந்தா மேஜர். அந்த ஒண்ணுக்குப் பதினோரு வருஷம் காத்துக் கிடந்தேன், கிடைக்கல. உனக்காவது கிடைக்கட்டுமேன்னு போட்டேன்."

சைகலுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. சிரிப்புதான் வந்தது. விஷயத்தைச் சொன்னாள். போட்டதை மாற்ற முடியாது. ஆறு மணிக்குள் இன்னும் பத்துத் தடவை ஐந்து நட்சத்திரம் விழுந்தால்தான் வேலை நிலைக்கும்.

"அஞ்சா? ராணுவத்துல அப்படி ஒரு பதவியே கிடையாதே" என்று முனகிக்கொண்டே கேப்டன் தொப்பியை மாட்டினார். "நீ ஏறி இறங்கிச் சாக வேண்டாம். நீ பொருள் எடுக்கிற கடை வாசலுக்கே வந்துடுறேன்."

கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனில் ஒவ்வொன்றாக ஆர்டர் போட ஆரம்பித்தார். ஒரு வெங்காயம். ஒரு தீப்பெட்டி. சைகல் உள்ளே போய் வாங்கி, நாலடி நடந்து வந்து கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் அவர் ஐந்து நட்சத்திரம் போட்டார்.

"உள்ள வந்து வாங்கினா கால் தேஞ்சுடுமா?" என்றாள் கடைக்காரி.

"ராணுவ ரகசியம்" என்றார் கேப்டன். பிறகு சைகலிடம் திரும்பினார். "எனக்குப் பதவி தராத கர்னல் பேரு இன்னும் ஞாபகம் இருக்கு. கல்யாண வீட்ல பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்குவேன். உன்னை வெளியே தள்ளுறவன் யாரு?"

"தெரியாதுண்ணே. யாருமே இல்ல போலிருக்கு."

"ஐயோ பாவம். அப்போ நீ யாரைப் பார்த்து மூஞ்சியைத் திருப்புவ?"

ஆறு மணிக்கு நாலு நிமிடம் இருக்கையில் பத்தாவது ஆர்டராக ஒரு வெங்காயம் கை மாறியது. சைகல் ஃபோனைக் காட்டினாள். நாலு புள்ளி ஐந்து இரண்டு.

கேப்டன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நாலுக்கு மேல, அஞ்சுக்குக் கீழ. அப்போ நீயும் கேப்டன்தான். அதுக்கு மேல விடமாட்டானுங்க" என்று சொல்லி, வெங்காயப் பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.