ஷூ நுனியும் ஒரு டப்பா மத்தியும்

மலபோனில் டெரோய் மக்பனுவாவைத் தெரியாதவன் என்றால், ஒன்று கைக்குழந்தை, இல்லை வெளியூர்க்காரன். கூடைப்பந்துத் திடலின் சுவர் முழுக்க அவர்தான். இளம் வயதில் கோப்பையை வென்றுகொடுத்த அந்தக் கடைசி ஷாட்டுக்கு அவர் எம்பப் போகிற காட்சி. வரைந்தவர் பக்கத்துத் தெரு மாங் இஸ்கோ. பத்திரிகைப் படத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைந்ததில், டெரோயின் ஷூ நுனி வெள்ளைக் கோட்டை மிதித்துக்கொண்டிருந்ததையும் மனுஷன் விடவில்லை. ஞானஸ்நானமோ துக்கமோ, எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த ஷாட்டை ஒருமுறை நடித்துக் காட்டாமல் டெரோய்க்குச் சாப்பாடு கிடையாது. அவரும் ஒரு நாள்கூட மாட்டேன் என்றதில்லை.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் ஐஸெல் வந்து சேர்ந்தாள். மரிகிட் மத்தி மீன் டப்பா கம்பெனியின் தொழில்முறை அணிக்கு டெரோய் பயிற்சியாளர். இவள் கம்பெனி முதலாளி தியோங்சனின் தம்பி மகள். புள்ளியியல் படித்துவிட்டு, அணியின் ஆட்டக் கணக்கைப் பார்க்க மடிக்கணினியும் கையுமாக வந்தவள், முதல் நாளே ஆட்டக்காரர்களை வரிசையாக உட்கார வைத்தாள்.

“கூடைக்குக் கீழ போய்ப் போட்டா சுலபமா விழும், ரெண்டு புள்ளி. கோட்டுக்கு வெளிய நின்னு போட்டா கஷ்டம், ஆனா மூணு. நீங்க என்னடான்னா கோட்டுக்கு ஒரு எட்டு உள்ள நின்னு போடுறீங்க. வெளிய இருந்து போடுற அதே கஷ்டம், கிடைக்கிறதோ ரெண்டு. புத்தியுள்ளவன் எவனாவது இப்படி வேலை பாப்பானா?”

“நான் பாத்தேன்,” என்றார் டெரோய். “ஊரே அதைச் சுவத்துல வரைஞ்சு வெச்சிருக்கு.”

“படத்தைப் பாத்தேன் கோச். கோட்டை மிதிச்சாலே ரெண்டுதான். ஒரு சாண் பின்னாடி நின்னிருந்தா மூணு.”

“ஜெயிச்சோம்ல?”

“ஜெயிச்சீங்க. ஆனா அதே ஷாட்டை நூறு தடவை போட்டா...”

“நூறு தடவை யாரும்மா போட்டா? நான் ஒரே ஒரு தடவைதான் போட்டேன்!”

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் அவள் அடுத்த குண்டைப் போட்டாள். இனி அந்த நடுப்பகுதியில் நின்று பந்தை எறிகிறவன், ஆட்டம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் கம்பெனி மத்தி ஒரு டப்பா சாப்பிட வேண்டும். சோறு கூடாது, எலுமிச்சை கூடாது. கிறிஸ்துமஸ், பிறந்தநாள், வெற்றி, தோல்வி எல்லாவற்றுக்கும் பெட்டி பெட்டியாக மத்தியே பரிசு வாங்கிய கூட்டம் அது. மூடியைத் திறந்தாலே பாதிப் பேருக்குக் குமட்டும். அந்த இடத்துக்கு ‘மத்திக் கடல்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

“கணக்குப்படி உங்க பேர்லயும் ஒரு டப்பா நிக்குது கோச்,” என்றாள் ஐஸெல்.

டெரோய்க்கு முகம் கறுத்துவிட்டது. வீட்டுக்குப் போய் மனைவி நெனெங்கிடம் பொரிந்து தள்ளினார். “என் வாழ்க்கையையே ஒரு டப்பாவுல அடைச்சுட்டா அந்தப் பொண்ணு!”

“அடைச்சா அடைச்சுட்டுப் போறா. கொஞ்ச நேரம் சத்தம் இல்லாம இருக்கும்,” என்றாள் நெனெங்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஐஸெல் சொன்னது பலித்தது. பையன்கள் கோட்டுக்கு வெளியே நின்று எறிய எறிய, வரிசையாக வெற்றி. எல்லாம் தன் சிவப்பு சாக்ஸின் ராசி என்று டெரோய் சொல்லிக்கொண்டு திரிந்தார். அணித்தலைவன் ஆர்விக் மட்டும் திருந்தவில்லை. டெரோயைப் பார்த்தே ஆட்டம் பழகியவன். கால் தானாக அந்த இடத்துக்குத்தான் போகும். டப்பா டப்பாவாகத் தின்று, பயிற்சிக்கு வந்தால் ஏப்பத்திலேயே பக்கத்தில் இருப்பவனை விரட்டினான்.

கால் இறுதிக்கு முந்தின நாள் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: “ஜெயிச்சா உங்க நாற்காலி உங்களுக்கு. தோத்தா அடுத்த கோச்சை ஐஸெல் தேடிக்குவா.” டெரோய் அன்று இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் ஆட்டத்தில் சில நொடிகளே பாக்கி. இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். டெரோய் இடைவேளை கேட்டார்.

“ரெண்டு போட்டுச் சமன் பண்ணிடலாம். கூடுதல் நேரம் கிடைக்கும்,” என்றார்.

“கூடுதல் நேரம் வந்தா உதைதான் கோச். நம்ம நெட்டையனுங்க ரெண்டு பேரும் தப்பாட்டம் ஆடி வெளிய உக்காந்திருக்கானுங்க. இப்பவே மூணு போடணும். ஆர்விக் போடட்டும்,” என்றாள் ஐஸெல்.

“அவன் கோட்டுக்கு வெளிய நின்னதை அவங்கம்மாகூடப் பாத்ததில்ல!”

“நிக்க வைக்கிறது உங்க வேலை.”

ஆட்டத் திட்டம் வரையும் பலகையில் டெரோயின் கை பழக்க தோஷத்தில் கோட்டுக்கு உள்ளேதான் புள்ளி வைத்தது. அதைக் கட்டைவிரலால் அழித்தார். வெளியே வைத்தார்.

“கோச், இது உங்க எடம் இல்லியே?” என்றான் ஆர்விக்.

“பொத்திக்கிட்டுப் போய் நில்லுடா.”

பந்து ஆர்விக்கிடம் வந்தது. அவன் கால் எங்கே போனது? அதே இடம், ஷூ நுனி கோட்டின்மேல், சுவர்ப் படம் உயிரோடு எழுந்து வந்ததுபோல. டெரோயின் தொண்டை அவரைக் கேட்காமலே அலறியது.

“காலுடா! காலை எடுடா பாவி! பின்னாடி போ!”

பயந்துபோன ஆர்விக் பின்னால் ஒரு குதி குதித்தான். மறிக்கப் பாய்ந்தவன் அவனைத் தாண்டிப் பறந்தான். ஆர்விக் எறிந்த பந்து வளையத்தில் உருண்டது, யோசித்தது, விழுந்தது.

நடுவர்கள் ஒளிப்பதிவைப் பார்க்கப் போனார்கள். பெரிய திரையில் ஒரே ஒரு ஷூ. அரங்கமே எழுந்து நின்று அதைப் பார்த்தது. டெரோய் சிலுவை போட்டுக்கொண்டு ஐஸெலின் கையை நசுக்கினார். ஷூவுக்கும் கோட்டுக்கும் நடுவே நூலளவு மரத்தரை தெரிந்தது. நடுவர் மூன்று விரலைத் தூக்கினார்.

அன்று சாயங்காலம் ஐஸெலையும் இழுத்துக்கொண்டு டெரோய் மலபோனுக்கு வந்தபோது, திடலில் ஊரே திரண்டிருந்தது. மாங் இஸ்கோ ஏணியில் நின்றார், கையில் வெள்ளைப் பெயிண்ட்.

“கோட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளிட்டா உங்களுதும் மூணாயிடும் கோச். ஒரு நிமிஷ வேலை!”

கூட்டம் கைதட்டியது. பொய் சொல்வானேன், டெரோய்க்கும் ஆசையாகத்தான் இருந்தது. நாக்கு நுனிவரை சரி என்ற சொல் வந்துவிட்டது. விழுங்கினார்.

“இறங்குய்யா கீழ. அன்னிக்கு அது ரெண்டு. ரெண்டாவே இருக்கட்டும்.”

பையிலிருந்து ஒரு மத்தி டப்பாவை எடுத்தார். சுவரில் இருந்த தன் ஷூவுக்கு நேர் கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்து மூடியைக் கிழித்தார். நெனெங் ஓடிப்போய் சோற்றுத் தட்டோடு வந்தாள்.

“சோறு கூடாதுடி. சட்டம்.”

ஊர் சிரிக்கச் சிரிக்க ஒவ்வொரு மீனாகத் தின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் மத்தி என்று சொல்லிக்கொண்டார். பிறகு ஐஸெலை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏம்மா, கேக்க மறந்தே போயிட்டேன். இதே ஷாட்டை நூறு தடவை போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“நூறு டப்பா, கோச்.”

டெரோய் அண்ணாந்து டப்பாவின் சாற்றையும் குடித்து முடித்தார்.