உறுமலுக்கு ஒரு பிஸ்கட்

காக்ஸ் டவுன் ரெமிஜியஸ் வீட்டு பாமரேனியனுக்கு டியூக் என்று பெயர். வாங்கும்போது வெள்ளை நாய் என்றுதான் சொன்னார்கள். எட்டு மாதமாகக் குளியலும் இல்லை, சீப்பும் இல்லை. இப்போது அது பழைய தலையணைப் பஞ்சின் நிறத்தில் இருந்தது. காதுக்குப் பின்னால் முடி சடை பிடித்து, தோலை இழுத்துப் புண்ணாக்கியிருந்தது. முடி வெட்ட வந்த இரண்டு பேரில் ஒருவனுக்கு நான்கு தையல். இன்னொருவன் கேட் வரைக்கும் வந்து, டியூக்கின் குரலைக் கேட்டுவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போய்விட்டான். புத்திசாலி.

"திங்கட்கிழமை பத்து மணிக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். ஒரே ஊசி, கதை முடிஞ்சுது," என்று ரெமிஜியஸ் அறிவித்துவிட்டார். ஃபேக்டரியில் ஃபோர்மேனாக முப்பது வருஷம் கத்தி ரிட்டயரானவர். அவர்தான் ரிட்டயரானார், சத்தம் ஆகவில்லை. மகன் துபாய் போன பிறகு, அந்த வீட்டில் மனைவி வேதநாயகி பேசினால் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஜீவன் டியூக்தான். அதுவும் போய்விட்டால் மீதி ஆயுசுக்கு இவர் குரல்தான் துணை.

சனிக்கிழமை காலையில், பக்கத்து ஜோகுபாளையத்திலிருந்து எல்லம்மாவை வரவழைத்தாள். பத்துப் பன்னிரண்டு பங்களா நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டுகிறவள் எல்லம்மா. வந்தவள் டியூக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது சங்கிலியில் கிடந்த வராந்தாவிலேயே, எட்டாத தூரத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்து சீப்பையும் கத்தரிக்கோலையும் வெளியே எடுத்தாள். டியூக் உறுமியது.

உடனே வேதநாயகி டப்பாவைத் திறந்து, "நோ டியூக், குட் பாய், குட் பாய்," என்று ஒரு மேரி பிஸ்கட்டை நீட்டினாள். வீட்டு மனுஷரோடு தமிழ், காய்கறிக்காரரோடு கன்னடம், நாயோடு மட்டும் இங்கிலீஷ். துரைமார் போய் ஐம்பது வருஷமானாலும் அந்த மரியாதையில் குறை வைக்கவில்லை.

எல்லம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். "பேடம்மா, பேடா! குடுக்காதீங்க. என்ன பண்றீங்க?"

"உறுமுதே எல்லம்மா, சமாதானப்படுத்த வேணாமா?"

"எத்தனை நாளா இந்த சமாதானம்?"

"குட்டியிலேருந்தே."

"சரிதான் போங்க! அது உறுமுது, நீங்க கூலி குடுக்குறீங்க. பெருசா உறுமினா ரெண்டு பிஸ்கட்டா?"

வேதநாயகி டப்பாவை மூடினாள். இரண்டுதான்.

"இனிமே உறுமினா ஒண்ணும் கிடையாது. சும்மா இருந்தாத்தான் பிஸ்கட். டப்பாவை இப்படிக் குடுங்க."

டியூக்குக்கு இது மகா அநியாயமாகப் பட்டது. முக்கால் மணி நேரம் உறுமியது, குரைத்தது, சங்கிலியைக் கடித்தது. எல்லம்மா நிதானமாக வெற்றிலை போட்டாள். கடைசியில் மூச்சு வாங்குவதற்காக அது ஒரு நொடி வாயை மூடியது. ஒரு துண்டு பிஸ்கட் அதன் முன்னால் விழுந்தது. டியூக் துண்டைப் பார்த்தது, எல்லம்மாவைப் பார்த்தது, யோசித்தது.

அப்புறம் சீப்பைக் காட்டினாள், ஒரு துண்டு. முதுகில் சீப்பு பட்டது, இன்னொரு துண்டு. உறுமினால் டப்பா மூடிக்கொண்டது. காதுப் பக்கத்துச் சடையை வெட்டும்போது மட்டும் வாயை நாடாவால் கட்டினாள். அவிழ்த்ததும் முழு பிஸ்கட்டாகவே கொடுத்தாள். சாயங்காலம் நான்கு மணிக்கு டியூக்கின் இடப்பக்கம் ராஜகுமாரனாகவும் வலப்பக்கம் பழைய தலையணையாகவும் இருந்தது.

"இன்னிக்கு இது போதும்மா. ஆசைப்பட்டா கடிச்சிடும். நாளைக்குப் பூசைக்குப் போயிட்டு வந்திருங்க, மீதியை முடிச்சிடலாம்."

தூங்கி எழுந்த ரெமிஜியஸ் வராந்தாவுக்கு வந்தார். "என்னடி கூத்து இது? நாயைப் பாதியில விட்டிருக்கீங்க! திங்கட்கிழமை ஊசிதான், மாத்தமே இல்ல. காபி எங்க?"

வேதநாயகியின் கால்கள் தாமாகவே சமையலறைக்கு நடந்தன. முப்பத்தொரு வருஷப் பழக்கம். அவர் கத்துவார், காபி வரும். இன்னும் பெரிதாகக் கத்தினால் முறுக்கோடு வரும். வாசற்படியில் எதேச்சையாகத் திரும்பிப் பார்த்தாள். டியூக் சத்தமே இல்லாமல் உட்கார்ந்து டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஐயோ ஏசப்பா, என்று அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருக்கும் நான்தானே டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன்!

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "காபி!" என்று அவர் மறுபடி கத்தினார். அவள் அசையவில்லை. இன்னொரு தடவை கத்தினார். எல்லம்மா தலையைக் குனிந்து, சுத்தமாக இருந்த சீப்பை வெகு அக்கறையாகத் துடைத்தாள்.

"வேதா," என்றார் ரெமிஜியஸ், யாருடையதோ போன்ற குரலில். "கொஞ்சம் காபி கிடைக்குமா?"

"கிடைக்கும். டாக்டருக்குப் போன் பண்ணி, திங்கட்கிழமை வரலைன்னு சொல்லிடுங்க. நான் பால் வைக்கிறேன்."

அவர் கத்துவதற்கு வாயைத் திறந்தார். அவள் எழுந்திருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு போய் நம்பரைச் சுழற்றினார்.

அவர் பேசி முடித்து ரிசீவரை வைத்த பிறகுதான் காபி வந்தது. தட்டில் ஒரு மேரி பிஸ்கட்டும் இருந்தது.